மோர்க்குடத்துக்கு இன்னொரு அடி

பிரெஞ்சுக்காரர் ஆண்ட வில்லியனூரில், சந்தை இரும்புக்கடை முன்னால் பூட்டு வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் ஈயம் பற்றவைக்கும் கோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“வூட்டுக்காரரு இப்பத்தான் கத்துக்கறாரு. மலிவா ஒண்ணு குடுண்ணே.”

“சின்னது போதும். இன்னா பத்தவைக்கணும்?”

“பித்தள மோர்க்கொடத்துக்குள்ள இன்னொரு அடி.”

கடைக்காரர் சாலையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “கீழ பிராந்தியா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“சின்னது சீக்கிரம் ஆறிடும், ஈயம் சரியா ஓடாது. கசிஞ்சா மோர்ல வாட அடிக்கும். கரையாம்புத்தூர் தாண்டுனா இங்கிலீசுக்காரன் சாவடியில மோந்து பாக்கறான். செம்புத்தல பெருசா இருக்கறத எடுத்துக்க.”

“வெல ஜாஸ்தியாச்சே.”

“புதுசா கத்துக்கறவன் வேலைய நம்பி யாரும்மா அந்தக் கொடத்தத் தூக்கிட்டுப் போறது?”

“நான்தான்” என்றவள், பெரிய கோலை எடுத்தாள்.