தங்கை எழுதாமல் விட்ட வகை

சர்க்கரை இருக்கும் கண்ணாடிப் புட்டியிலும் ‘சர்க்கரை’ என்று எழுதி ஒட்டுகிறவள் நான். உள்ளே இருப்பதுதான் தெரிகிறதே என்று தங்கை கேலி செய்வாள். உப்பும் அப்படித்தான் தெரியும் என்பேன்.

நிரல் எழுதுவதிலும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில், நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதினோம். மதிப்பைப் பிடித்து வைக்கும் ஒவ்வொரு மாறிக்கும் அது முழு எண்ணா, மில்லிகிராமா என்று நான் வகையை எழுதிவிடுவேன். அவள் எழுத மாட்டாள். நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவாள்.

“கம்பைலருக்கே புரியுது, உனக்கு என்னக்கா கஷ்டம்?” என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச நாளில் அவளையே குழுத் தலைவி ஆக்கினார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பாவைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் படுத்த படுக்கையானதிலிருந்து உடம்பு துடைத்து, துணி மாற்றியது நான். எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கிறவளைப் பற்றி என்னிடமே சொல்வார்: “சின்னவகிட்ட ஒண்ணும் சொல்லவே வேணாம்மா, என் முகத்தைப் பாத்தே புரிஞ்சுக்குவா. உனக்குத்தான் எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்லணும்.” வயிறு எரிந்தது. மறைப்பானேன், இப்போதும் எரிகிறது.

அப்பாவுக்கு வலி கூடியதும், “நம்ம பம்ப் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போவோம்” என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். புதிய மென்பொருள் அங்கே ஏறுவதற்கு முன், மருந்தளவைத் தரும் என் பகுதியை மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராமுக்கு மாற்றினேன். அவள் வகையை எழுதியிருந்தால் கம்பைலர் முரண்டு பிடித்து அங்கேயே நின்றிருக்கும். எழுதாததால் அவளுடைய மாறி கொடுத்ததை வாயை மூடி வாங்கிக்கொண்டது. ஒன்று இருந்த இடத்தில் ஆயிரம்; பம்ப் அதையும் மில்லிகிராம் என்றே எடுத்துக்கொள்ளும். சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவளும் நான்தான்; போட்டேன். அவள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

அப்பா செத்ததற்குத் தானே காரணம் என்று இதே போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் அழுதாளாம். அதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் வந்தேன்.

அன்று மாலை அப்பாவின் கட்டிலருகே இருந்தேன். பம்ப் வேகமெடுத்தது. நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவளுக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். உடனே நிறுத்திவிடத்தான் நினைத்திருந்தேன். அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. கண்ணைப் பாதி திறந்து, என் கையைத் தேடிப் பிடித்து, “சின்னவளே, வந்துட்டியா?” என்றார். அப்புறம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்து என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். எனக்குத்தான் எல்லாவற்றையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே.