அன்பு மைத்துனரும் ஆவார்

— இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட... பேரை முழுசாச் சொல்லு பிள்ளை. மரண அறிவித்தலிலை நீல் எண்டு மட்டும் போடேலாது.

— முதல் இருங்கோ அண்ணை. ஜக்கெற்றும் கழட்டாமல் நிண்ட நிலையிலை எழுதிறியள்.

— இருக்கிறன், இருக்கிறன். லவாலிலை இருந்து பாலத்தைத் தாண்டவே சீவன் போட்டுது. ராத்திரி எங்கடை ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப்பிலை படத்தைப் பாத்திட்டு உன்ரை மச்சாள் அழுத அழுகை. விடியவே எழும்பி இடியப்பம் அவிச்சுத் தந்துவிட்டவ. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாதெல்லே. சொதியும் சம்பலும் கிடக்கு. சாப்பிட்டனீயோ?

— இந்த வீட்டிலை மூண்டு நாளா ஒருதரும் ஒழுங்காச் சாப்பிடேல்லை.

— ம்... காரியம் எப்பவாம்?

— வாற வெள்ளி. லெஸ்டரிலை. பிறந்து வளந்த ஊர்.

— இங்கை கொண்டுவரேல்லையோ?

— அங்கை செத்தவரை இங்கை கொண்டுவந்து என்ன செய்யிறது? சொந்தக்காரர், கூடப் படிச்ச ஆக்கள் எல்லாம் அங்கைதானே.

— அப்ப நீ?

— போறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. அதைக் கதைக்கவும் இந்த வீட்டிலை இப்ப வழியில்லை.

— மனுசி போகாட்டி ஊர் என்ன கதைக்கும், பிரஷாந்தி?

— ஊர் இருபது வருசமாக் கதைக்குது. விடுங்கோ அண்ணை.

— சஹானா?

— சோதினை முடிச்சு அடுத்த கிழமை வாறாள். வன்கூவரிலை இருந்து நினைச்ச உடனை வரேலாதெல்லே.

— சரி. குளிருது. உந்த அறைக்கதவைச் சாத்தி விடவோ?

— வேண்டாம். அது திறந்து கிடக்கட்டும்.

— சரி, சொல்லு. முழுப்பேர்.

— நீல் காஸ்வெல்.

— தாய் தேப்பன்?

— தேப்பன் ஃபிராங்க், பஸ் ஓட்டினவர். தாய் டொரீன். ரெண்டுபேரும் இப்ப இல்லை.

— காலஞ்சென்ற ஃபிராங்க், டொரீன் தம்பதிகளின் அன்பு மகனும்... பஸ்ஸோ ஓட்டினவர்? நானும் இங்கை ஒரு ஆயுசுக்கு பஸ்தானே ஓட்டினனான். எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே.

— நீங்கள் கேக்கேல்லை.

— ம். தொழிலுக்கு என்ன போட? பிரபல பொப் பாடகர், எங்கடை ஊர் பிரஷாந்தினியின்ரை கணவர் எண்டு வாட்ஸ்அப்பிலை வந்தது.

— வாட்ஸ்அப்பிலை என்னதான் வராது. இவர் பாடுறேல்லை அண்ணை. பியானோ. பாட்டுக்கு மெட்டுப் போடுறதும் இவர்தான்.

— ரீவியிலை எல்லாம் வந்தவராமே?

— வந்தவர். இவற்றை கைதான் வந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் நாலு பேர் சேந்து சேர்ச்சுக்குப் பின்னாலை ஒரு கொட்டிலுக்கை தொடங்கின பாண்ட். த சால்ட் ஆர்கேட் எண்டு பேர். கொலின் எண்டவர் பாடுறவர், வடிவான ஆள், கமராவுக்கு அவரை விட்டிட்டு வேறை ஒருதரையும் தெரியாது. இவர் ஓரத்திலை இருப்பார். பாட்டு தொடங்கேக்கை பியானோவிலை ரெண்டு கையைக் காட்டுவாங்கள், அவ்வளவுதான். தாய் மனுசி ரீவிக்கு முன்னாலை இருந்து, அது என்ரை பிள்ளையின்ரை கை எண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவாவாம்.

— அந்த ஒரு பாட்டுத்தானோ?

— சனத்துக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பாட்டு. மழைக்குள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறதைப் பற்றினது. தேப்பனுக்காண்டி இவர் செய்தது. கொலின் அதிலை ரெண்டு சொல்லை மாத்திப்போட்டு தன்ரை பேரை முன்னுக்குப் போட்டவர். மூண்டு நாளா ரேடியோக்காரர் அதைத்தான் திருப்பித் திருப்பிப் போடினம். கொலின்ரை பாட்டு எண்டு சொல்லித்தான் போடினம். நான் ரேடியோவை நிப்பாட்டி வைச்சிட்டன்.

— சண்டை பிடிக்கேல்லையோ இவர்?

— இவரோ? சண்டை பிடிக்கத் தெரிஞ்சா என்னைக் கட்டியிருப்பாரோ? பிறகு கொலின் தனிய போட்டார். இவர் வேறை ஆக்களோடை சேந்து இன்னொரு பாண்ட். கசின் மார்கரட்.

— என்ன, மச்சாள் மார்கரட்டோ?

— ஓம் அண்ணை, மச்சாள் மார்கரட். சிரியுங்கோ. நானும் முதல் நாள் சிரிச்சனான்.

— செத்தவீட்டிலை சிரிக்க வைக்கிறாய் பிள்ளை. பேந்து?

— அவையோடை ஒரு வானிலை கனடா சுத்த வந்தவர். மொன்றியலுக்கு வந்த அண்டு குடல்வால் வெடிச்சுப் போச்சு. கோட்-டெ-நெய்ஜ் ஆசுப்பத்திரியிலை கொண்டுவந்து போட்டிட்டு வான் ரொறன்ரோவுக்குப் போட்டுது. திரும்பி வரேல்லை. அங்கை வேறை ஒரு பொடியன் கீபோட் வாசிச்சவன், அவனே காணும் எண்டு விட்டிட்டினம். ஃபோனிலைதான் சொன்னவை. நான் அப்ப அந்த வாட்டிலை சாப்பாட்டுத் தட்டுக் குடுக்கிறனான். தட்டை வைச்சிட்டு வரேக்கை அழுதுகொண்டு கிடந்தார். வயித்துக்குத்தோ எண்டு கேட்டன். இல்லை, பழகிப் போச்சு எண்டார்.

— இதை நீ அம்மாவுக்குச் சொல்லியிருந்தா மனுசி அண்டைக்கே உருகியிருக்கும்.

— அம்மாவுக்குச் சொன்னனான். நீங்கள்தான் ஃபோனை வாங்கி வைச்சனீங்கள். நான் குத்திக் காட்டேல்லை அண்ணை. களைப்பிலை வாய் தன்ரை பாட்டிலை போகுது. சாப்பாடு எண்ட உடனை ஞாபகம் வருது. ஒருநாள் என்ரை புட்டுப் பெட்டியை எட்டிப் பாத்தார். தரவோ எண்டன். அண்டைக்குப் படிச்ச தமிழ்தான். இண்டைக்கும் கோப்பையிலை என்ன போடவோ எண்டு கேட்டா, சின்னக் கொஞ்சம் எண்டுதான் சொல்லுறது. பேந்து மூண்டு தரம் வாங்குவார்.

— சின்னக் கொஞ்சம். நல்ல தமிழ்.

— கதைக்கத்தான் வெக்கம். விளக்கம் எல்லாம் இருக்கு. நாங்கள் ரெண்டுபேரும் இப்ப கதைக்கிறதெல்லாம் விளங்கும்.

— ஆத்துமா கேட்டுக்கொண்டுதான் இருக்கும் எண்டு சொல்லுறவை. சரி, மச்சாள் மார்கரட்டுக்குப் பேந்து?

— தனிய ஒரு அல்பம். சஹானா வயித்திலை இருக்கேக்கை, எங்கடை வீட்டு ஹோலிலை வைச்சுச் செய்தது. கீழ் வீட்டிலை பிள்ளையளைப் பாக்கிற கார்டெரி ஒண்டு நடந்தது. எல்லாப் பாட்டுக்குப் பின்னாலையும் குழந்தையள் கத்துறது கேக்கும். திருப்பிச் செய்யுங்கோவன் எண்டன். கிடக்கட்டும், ஆக்கள் இருக்கிற மாதிரிக் கிடக்கு எண்டார். பெட்டி பெட்டியா அரிசி மூட்டைக்குப் பின்னாலை இன்னும் கிடக்கு. ஒருதரும் வாங்கேல்லை.

— தனி இசைத்தொகுப்பு வெளியிட்டவர் எண்டு போடுறன். விக்காட்டி என்ன.

— பாண்டிலை இருக்கேக்கை தனிய இருந்த மனுசன் அண்ணை. தனிய செய்யேக்கைதான் ஆக்களோடை இருந்தவர். இதை உதிலை எழுதேலாது, எனக்குத் தெரியும். அதுக்குப் பேந்து நோத்ர-டாம்-த-கிரேஸுக்குக் குடிவந்து பிள்ளையளுக்குப் பியானோ சொல்லிக் குடுக்கத் தொடங்கினார். நல்லாத்தான் இருந்தவர். இப்ப இந்தச் செய்தி வந்த அண்டு ஒரு கேள்வி கேட்டார்... கேட்டிட்டுப் படுத்தவர்தான்.

— என்ன செய்தி? என்ன கேட்டவர்?

— பழைய சிநேகிதர் ஒராளைப் பற்றின செய்தி. என்ரை வாழ்க்கையை எடுத்துப் பாத்தா அதிலை நான் எங்கை நிக்கிறன் எண்டு கேட்டவர். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டன். அந்த நேரம் எதையாவது சொல்லியிருக்க வேணும்.

— போன இடத்திலை அதுதான் நெஞ்சிலை அடிச்சிட்டுது. யோசினை கூடின மனுசருக்கு அப்பிடித்தான். சரி, அழாதை. மிச்சத்தை எழுதுவம். பிரஷாந்தினியின் அன்புக் கணவரும், சஹானாவின் பாசமிகு தந்தையும் ஆவார். முடிஞ்சுது.

— முடியேல்லை. மைத்துனர்?

— அது... உறவுக்காரர் பேரெல்லாம் போட்டா நீளும் பிள்ளை.

— அம்மாவின்ரை அறிவித்தலையும் நீங்கள்தான் எழுதினனீங்கள். அதிலை நீளம் பாக்கேல்லை. மருமக்கள் எண்டு மச்சாளின்ரை பேர், அக்காவின்ரை மனுசன் சிவநேசம் அத்தான்ரை பேர். இவற்றை பேர் இல்லை.

— அப்ப இருந்த நிலைமை உனக்குத் தெரியும்.

— தெரியும். இவருக்குத் தெரியாது. பேப்பரை நீட்டி, என்ரை பேர் எது எண்டு கேட்டார். நான் சிவநேசம் அத்தான்ரை பேரைத் தொட்டுக் காட்டினன். அதை வெட்டி பேர்சுக்கை வைச்சார்.

— ஐயோ பிள்ளை.

— கேளுங்கோ. பேந்து சஹானா தமிழ்ப் பள்ளிக்குப் போகேக்கை அவளோடை இருந்து தானும் எழுத்துப் படிச்சார். ஒருநாள் பேர்சிலை இருந்து அந்தத் துண்டை எடுத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவர். நான் குசினி வாசல்லை நிண்டு பாத்தனான். வாசிச்சு முடிச்சார். திருப்பி மடிச்சு அதே இடத்திலை வைச்சார். என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கும் அது பேர்சிலைதான் கிடக்கு.

— என்னத்துக்கு?

— எனக்கு விளங்கேல்லை அண்ணை. கன நாள் யோசிச்சனான். குடும்பம் எண்டதும் ஒரு பாண்ட் மாதிரித்தானே, தன்ரை பேர் இல்லாட்டியும் தான் அதிலை நிண்டதெண்டு நினைச்சாரோ என்னவோ. அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வரேக்கை மெட்ரோ வழிய எல்லாம் ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தவர். உங்களைக் கண்டவுடனை மச்சான் எண்டு கூப்பிட வேணுமாம். நீங்கள் கையைக் குடுத்து, தாங்க் யூ ஃபோர் கமிங் எண்டு இங்கிலீசிலை சொன்னியள். வெளியாளுக்குச் சொல்லுற மாதிரி. மச்சான் அப்பிடியே வாய்க்கை நிண்டுது.

— தேத்தண்ணி இருக்கோ பிள்ளை?

— இந்தாங்கோ. சீனி போடேல்லை. உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு அக்கா சொன்னவ.

— நான் ஒண்டு சொல்லுறன் கேள். இதை உன்ரை மச்சாளுக்கும் சொன்னதில்லை. போன மாரியிலை லவாலிலை சாமான் வாங்கப் போனனான். வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நிக்கிறன், மேலை ஸ்பீக்கரிலை ஒரு பியானோ. ஒரு பாட்டின்ரை தொடக்கம். எனக்குத் தெரியும் அது. நீ அம்மாவுக்கு ஒரு காசற் அனுப்பினனீ எல்லே? நான் கோவத்திலை எறியத்தான் எடுத்தனான். எறியேல்லை. டிப்போவுக்குப் போக வர காருக்கை அதைத்தான் போட்டுக் கேட்டனான். பாட்டு எனக்கு விளங்காது, அந்தப் பெடியன் கத்தத் தொடங்க நிப்பாட்டிப் போட்டு, திரும்பச் சுத்தி, அந்தப் பியானோவை மட்டும் கேப்பன். விடியப்புறம் முதல் தரிப்பிலை சனம் குளிருக்கை நிக்குமெல்லே, அது அப்பிடியே அதுக்கை கிடக்கு. பஸ் ஓட்டினவனுக்குத்தான் அது தெரியும். அது தேப்பனுக்குச் செய்தது எண்டு நீ இப்ப சொல்லத்தான்... அண்டைக்கு வெங்காயப் பையைப் பிடிச்சுக்கொண்டு முடியுமட்டும் நிண்டனான். ஒரு பொம்பிளை பொன்ஜூர் பொன்ஜூர் எண்டு வழி கேட்டுக்கொண்டு நிண்டவ, நான் அசையேல்லை.

— அப்ப ஏன் அண்ணை ஒரு ஃபோன் எடுக்கேல்லை?

— எடுத்து என்னெண்டு சொல்லுறது? விட்ட இடம் தூரமாப் போட்டுது. செத்தவீடு எண்டா ஒருதரும் காரணம் கேக்காயினம், வந்து நிக்கலாம்... உள்ளுக்கை என்ன கிரீச் எண்டு கேக்குது?

— பழைய வீடு அண்ணை. எல்லாம் முனகும். நீங்கள் எழுதுங்கோ.

— எழுதிட்டன். வாசிக்கிறன் கேள். இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட, இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான நீல் காஸ்வெல் அவர்கள்... அன்னார், காலஞ்சென்ற ஃபிராங்க், டொரீன் தம்பதிகளின் அன்பு மகனும், பிரஷாந்தினியின் அன்புக் கணவரும், சஹானாவின் பாசமிகு தந்தையும், உருத்திரமூர்த்தியின் அன்பு மைத்துனரும் ஆவார்.

— கடைசியை இன்னொருக்கா. கொஞ்சம் சத்தமா.

— உருத்திரமூர்த்தியின் அன்பு மைத்துனரும் ஆவார். போதுமோ?

— போதும் அண்ணை. எனக்குப் போதும்.

— இனி ஒரு படம் வேணும். வாட்ஸ்அப்பிலை வந்த அந்த நாலு பேர் படத்தையே வெட்டிப் போடவோ?

— அதிலை ஆரை வெட்டி எடுப்பியள்?

— இதென்ன கேள்வி? நடுவிலை மைக்கோடை நிக்கிறவரைத்தான். வட்டம் போட்டு, குத்துவிளக்கும் ஒட்டிக் கிடந்ததே. அந்தக் காலத்து முடியோடை எனக்கு முகம் மட்டுக்கட்டேலாமல் போச்சு.

— அது கொலின் அண்ணை. கொலின்தான் செத்தது. இவர் அந்த ஓரத்திலை, பாதி முகம் வெட்டுப்பட்டு நிக்கிறவர்.

— பிரஷாந்தி...

— வாசல்லையே சொல்ல வாய் திறந்தனான். நீங்கள் இடியப்பப் பெட்டியைக் கையிலை தந்திட்டு அழத் தொடங்கிட்டியள். இவருக்காண்டி எங்கடை ஆக்களிலை ஒராள் அழுது நான் கண்டதில்லை. மறிக்க மனம் வரேல்லை. கொலின் செத்த செய்தி வந்த அண்டு படுத்தவர், மூண்டு நாளா எழும்பவுமில்லை, சாப்பிடவுமில்லை. நான் சொல்லி எடுபடேல்லை. நீங்கள் சொல்லுறது அவருக்குக் கேக்கட்டும் எண்டு விட்டனான்.

— அப்ப அவர்... உந்த அறைக்கையோ...

— மச்சான், எனக்கும் இடியப்பம். சின்னக் கொஞ்சம்.