லேபிள் இல்லாத பாட்டில்

இல்ல சார், மோர் வேணாம். புளிப்பு ஆவாது எனக்கு. தண்ணி போதும், சில்லுன்னு இல்லாம. இங்க கரண்ட்டு எப்பப் போச்சு? எங்க முதுநகர்ல காலையில போனது. நீங்க உக்காருங்க சார், நின்னுகிட்டே இருந்தீங்கன்னா நான் என்னமோ வசூலுக்கு வந்தவன் மாரி இருக்கு. பேச்சு கொஞ்சம் கொழறுது, தப்பா நெனைக்காதீங்க. குடிச்சிட்டு வரல. குடிக்கத்தான் வந்திருக்கேன்.

மறுபடியும் அந்த பாட்டிலு இல்லங்கறீங்களே. சார், என் பேரு கலியபெருமாள். பழைய மிஷினு, பாய்லரு, டேங்கு, கம்பெனி மூடுனா உள்ள இருக்கற அத்தினியும் வெல பேசி எடுக்கறவன். மூணாங்கிளாஸோட சரி. அண்ணாகிராமத்துல அடுத்தவன் கொல்லையில முந்திரிக்கொட்ட பொறுக்குன கை இது. ஒருத்தன் இல்லன்னு சொன்னா, நெஜமாவே இல்லையா, வெச்சிகிட்டு இல்லங்கறானான்னு மூஞ்சப் பாத்துச் சொல்லிடுவேன். நீங்க இல்லன்னு சொல்லும்போது கண்ணு அந்த பீரோப் பக்கம் போயிட்டு வந்துச்சு.

எப்புடித் தெரியும்னா, கொளஞ்சியப்பன் சொன்னான். தள்ளுவண்டியில பழைய பேப்பரு எடுக்க வருவானே, அவன்தான். ஒங்க வூட்டு அம்மா அவன்கிட்டதான் போடறாங்க. மாவட்டத்துல காயலாங்கட வெச்சிருக்கற எல்லார்ட்டயும் நான் சொல்லி வெச்சிருக்கேன். பழுப்புக் கலர்ல, மேல பேப்பரே ஒட்டாம, கழுத்தச் சுத்தி கண்ணாடியிலயே எழுத்து பொடைச்சிகிட்டு ஒரு பாட்டிலு வந்தா ஒடைச்சிப்புடாத, எனக்கு போன் போடுன்னு. வருசக்கணக்கா சொல்றேன். கிண்டல் பண்ணுவானுங்க, மாமா பொதையலு தேடுதுன்னு. முந்தாநேத்து கொளஞ்சியப்பன் போன் பண்றான். மாமா, ஒன் பொதையலு வந்துடுச்சி, ஆனா காலிங்கறான். அந்த பீரு காய்ச்சற மடத்துல ஒத்தப் பாட்டிலா விக்க மாட்டாங்க சார், பெட்டியாத்தான். காலி வந்த வூட்டுல ஒண்ணாவது ரொம்பி இருக்கும்னு கணக்குப் போட்டேன்.

ஆங், சிரிச்சிட்டீங்க. இருக்கு. போதும்.

வெல சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு மேல தரேன். நான் இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் இந்த மாரி பேசுனதில்ல சார், என் தொழிலுக்கே கேவலம். ஆனா இன்னிக்கே வேணும். பாட்டில வாயில வெக்காம சிதம்பரத்த வுட்டுப் போமாட்டேன்.

விக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்களா? மடத்து வாசல்ல? யாரு சார் பெல்ஜியத்துலேர்ந்து வந்து பாக்கப்போறாங்க அண்ணாமலை நகர்ல? அவுங்க பாட்டுக்கு அங்க ஜெபம் பண்ணிட்டிருக்காங்க. இங்க ஒரு மனுசன் காலையிலேர்ந்து சோறு தண்ணி இல்லாம ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு குண்டுங்குழியுமா இடிபட்டு வந்திருக்கான். பெரிய படிப்பு படிச்சா இதான் புத்தியா? ஒரு பாட்டிலு! ஊத்துனா ரெண்டு டம்ளரு வராது! அதுக்குப் போயி சத்தியம், சாட்சின்னுட்டு...

அம்மா பயந்துட்டாங்களா? இல்லம்மா, ஒண்ணுமில்ல. தொண்ட அப்பிடி. சந்தையில கத்தியே பழகுனது. கோவமே இல்ல சார், நெஜமா. முந்தியெல்லாம் கத்துனா நெஞ்சுல சூடு ஏறும். இப்ப வாயி மட்டும் கத்துது, உள்ள சும்மா கெடக்கு.

என்கிட்டயும் அதயேதான் சொன்னாங்க சார். ஆமா, அந்த மடத்துக்கே போன் போட்டிருக்கேன். சிரிக்காதீங்க, சொல்றேன்.

ரெண்டாயிரத்தி ஆறுல குடிகாட்டுல ஒரு கம்பெனிய மூடுனாங்க. டேங்கெல்லாம் நல்ல எவர்சில்வர். விக்கறதுக்கு ஒரு வெள்ளக்காரன் வந்தான், லூக்குன்னு பேரு, பெல்ஜியம்காரன். அவனுக்குத் தமிழு தெரியாது, எனக்கு இங்கிலீசு தெரியாது. கால்குலேட்டர்ல அவன் ஒண்ணு தட்டுவான், நான் ஒண்ணு தட்டுவேன். ஒரு கட்டத்துல எனக்கு எரிச்சல் வந்து கால்குலேட்டர பிடுங்கி வீசிட்டேன். தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவன் கையி மேல போட்டு, உள்ள வெரலப் புடிச்சேன். மாட்டுச்சந்தையில தரகு பேசற மாரி. மொதல்ல பயந்து கைய இழுத்தான். அப்பறம் புரிஞ்சுபோச்சு சார் அவனுக்கு! துண்டுக்கடியில அவன் என் வெரலப் புடிச்சி அழுத்தறான், நான் மடக்கறேன், சுத்தி நிக்கற ஆபீசருங்களுக்கு ஒண்ணும் புரியல. முடிஞ்சதும் வுழுந்து வுழுந்து சிரிச்சான். பொட்டியத் தொறந்து ஒரு பாட்டில எடுத்து கையில குடுத்தான். சிமேன்னு போட்டிருந்துச்சி.

நான் அதுக்கு முன்னாடி குடிச்சதெல்லாம் டாஸ்மாக் சரக்குதான். பீருன்னா என்னா? வெயிலுக்கு ஜில்லுன்னு ஊத்திக்கறது. இத வாயில வெச்சேன் சார். ரொம்பப் பழுத்து, கீழ வுழுந்து வெடிச்ச பலாப்பழம் தெரியுமா? எங்கூர்ல அதுக்கு ஒரு வாசன இருக்கும், பாதி இனிப்பு, பாதி சாராயம். அது. அப்பறம் முந்திரிக்கொட்ட சுடற பொக. கடேசியில பனவெல்லம் கருகுன மாரி ஒரு கசப்பு, போவவே மாட்டேங்குது. என்னாடா இது, கடலத் தாண்டி எவனோ செஞ்சது, எங்க கொல்லைய எப்பிடிடா உள்ள வெச்சான்னு அப்பிடியே உக்காந்துட்டேன்.

லூக்குதான் கையால படம் போட்டுச் சொன்னான். சாமியாருங்க செய்யறது. ஏழு மடம் இருக்கு. நம்ம அந்தோணிசாமி, என் பார்ட்னரு, அவன் போயி பங்கு சாமியார்ட்ட கேட்டுட்டு வந்தான். ட்ராப்பிஸ்டுன்னு பேராம். தேவையில்லாம வாயத் தொறக்க மாட்டாங்களாம். தன் கையால ஒழைச்சித்தான் திங்கணும்னு அவுங்களுக்குச் சட்டமாம். அந்த ஒண்ணு எனக்குப் புடிச்சுது சார். மத்தபடி எவன் கும்புட்டா எனக்கென்னா.

அன்னிலேர்ந்து வெறி. கப்பல்ல சமையல் வேல பாக்கற சோனாங்குப்பத்து ஜெயப்பிரகாஷு, சென்னையில துரைமாருங்க வூட்டு டிரைவருங்க, ஆரோவில்லுல சைக்கிள்ள சுத்தற வெள்ளக்காரனுங்க, ஒருத்தரையும் வுடல. ஓர்வால்னு ஒண்ணு, மொத மடக்குல பழைய செருப்புத்தோல ஊறவெச்ச தண்ணி மாரி இருந்துச்சி, துப்பப் போனேன், ரெண்டாவது மடக்குல ஆரஞ்சுத்தோலு மணக்குது. இன்னொண்ணுல ஏலக்கி வாழப்பழம். சென்னையில ஒருத்தன் சாதா பீருல டீத்தண்ணியக் கலந்து, மூடிய அமுக்கிக் குடுத்து ஏமாத்தப் பாத்தான். அவன் தலையிலயே ஊத்திட்டு வந்தேன். என் வூட்டுக்காரி வேலம்மா கேப்பா, எல்லாரும் ஏழுமலையானத் தேடிப் போறாங்க, நீ என்னா ஏழு பாட்டிலத் தேடற? அவளுக்கு என்னான்னு சொல்றது.

ஆறு கெடச்சிருச்சி. இது ஒண்ணுதான் மாட்டல. லேபிளே கெடையாது, கடைக்கும் குடுக்க மாட்டாங்க. அந்தோணிசாமி மவ அறிவுமதி, இஞ்சினியரிங் படிச்சிட்டிருந்துச்சி, அத வுட்டு மடத்துக்கு போன் போடச் சொன்னேன். எப்பப் போட்டாலும் என்கேஜிடு. ஒரு நாளு எடுத்தாங்க. காரு நம்பரு சொல்லுங்கறாங்களாம். வாசல்ல வந்து அந்த நம்பரு காருல ஏத்திகிட்டுப் போவணும், வேற யாருக்கும் விக்கக்கூடாது. நான் பக்கத்துல நின்னுகிட்டு, மொத்தமா நானே எடுத்துக்கறேன், ஜாஸ்தியா காய்ச்சச் சொல்லு பாப்பான்னேன். அது கேட்டுச் சொல்லுச்சி, நாங்க பொழைக்கறதுக்கு இவ்ளோ போதும், அதுக்கு மேல காய்ச்ச மாட்டோம்ங்கறாங்க மாமான்னு. போதும்னு ஒரு யாவாரி சொல்லி நான் கேட்டதே இல்ல சார். அடப் போங்கடான்னு ரிசீவர வெச்சிட்டேன். ஆனா ரெண்டு நாளு தூக்கம் வரல.

கெடச்சுது சார், ஒரு தடவ கெடச்சுது. போன வருசம் தீவாளி கழிச்சி ஜெயப்பிரகாஷு கொண்டாந்தான், பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப்பு தொறமொகத்துல ஏதோ கடையில திருட்டுத்தனமா வாங்குனானாம். அந்தோணிசாமியும் நானும் பொங்கலுக்குத் தொறக்கலாம்னு அலமாரியில வெச்சேன். அதுக்குள்ள தானே புயலு வந்துட்டுது. ஒங்களுக்கும் இங்க மரமெல்லாம் போச்சில்ல? எனக்கு ஊர்ல கஷ்டப்பட்டு வாங்குன கொல்ல. பலா ஒண்ணு நிக்கல, முந்திரி அத்தினியும் வேரோட. வூட்டு ஷீட்டு பிச்சிகிட்டுப் போயி, அலமாரி குப்புற வுழுந்துச்சி. காலையில பாக்கறேன், தரையெல்லாம் மழத்தண்ணி, நடுவுல பழுப்பா நொர. வேலம்மா சாக்கப் போட்டுத் தொடைக்கப் போறா. இருடின்னு சொல்லிட்டு மண்டி போட்டு, அந்த நொரைய வெரலால வழிச்சி நாக்குல வெச்சேன் சார். அசிங்கந்தான். கொல்ல போனதுக்கு அழல, இதுக்கு மண்டி போட்டேன்.

சுருக்குன்னுச்சி. நாக்குல, எடது பக்கம். கண்ணாடித் துண்டு ஏறிடுச்சின்னு நெனச்சேன். கண்ணாடிதான, எச்சி துப்பித் துப்பி தானா வெளிய வந்துடும்னு வுட்டுட்டேன். புண்ணு ஆறல. நான்தான் ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியறேன், அஞ்சு மாசமா நாக்குல பெல்ஜியம் பாட்டில வெச்சிகிட்டு சுத்தறேன்டான்னு. அவனுங்களும் சிரிப்பானுங்க. கடேசியா கடலூர்ல பல்லு டாக்டர்ட்டப் போயி, இந்தத் துண்ட எடுத்து வுடுங்கன்னேன். அந்தப் பொண்ணு லைட்டு அடிச்சிப் பாத்துச்சி. கண்ணாடி எதுவும் இல்லைங்களே, ஹான்ஸ் பொகையில போடுவீங்களான்னு கேட்டுச்சி. அப்பறம் சீட்டு எழுதி பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுச்சி.

என்னா சார்? ஜூலையிலயா? ரிட்டையர் ஆவறீங்களா, சந்தோஷம். அன்னிக்கித் தொறக்கலாம்னு வெச்சிருக்கீங்க. எனக்கும் ஒரு டம்ளரு. நல்ல மனசு சார், நான் அந்தக் கத்து கத்தியும். ஆனா ஜூலை எனக்கு ஆவாது. நாளன்னிக்கி ஆபரேசன். நாக்க எடுக்கறாங்க. முழுசா இல்ல, அடியில கொஞ்சம் வுடுவாங்களாம், முழுங்கறதுக்கு. இன்னிக்கி சாயங்காலமே போயிப் படுக்கணும். தெருமொனையில சுமோ நிக்குது பாருங்க, மச்சான் ராஜாமணி. வரும்போது பஸ்சுலதான் வந்தேன், அவனுக்குத் தெரிஞ்சா வுட மாட்டான்னு. எப்பிடியோ மோப்பம் புடிச்சி வந்துட்டான்.

ஐயோ, நீங்க ஏன் சார் எந்திரிக்கறீங்க. அம்மாவக் கூப்புடாதீங்க, அவுங்க அழுவாங்க, எனக்குப் பாக்க முடியாது. எனக்கு ஒண்ணும் இல்ல சார். டாக்டரு சொன்னப்பவும் ஒண்ணும் இல்ல. எவ்ளோ நேரம் ஆவும், சாப்பாட்டுக்கு என்னா பண்றதுன்னு டெண்டரு கேக்கற மாரி கேட்டுட்டு வந்தேன். வேலம்மாதான் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துட்டா.

எடுக்கறீங்களா? சத்தியம் என்னாவறது? ஆமா, விக்கக்கூடாதுன்னுதான சொன்னாங்க. வூட்டுக்கு வந்தவனுக்கு ஊத்தக்கூடாதுன்னு சொல்லல. அதுக்கு நான் சாட்சி.

ஆகா, இதான். பொடைச்ச எழுத்து. மஞ்ச மூடி. பாத்து சார், மெதுவா, ஆட்டாதீங்க, அடியில வண்டலு இருக்கும். டம்ளரு எதுன்னாலும் சரி, எவர்சில்வர் போதும். எனக்குப் பாதி, ஒங்களுக்குப் பாதி. இல்ல இல்ல, நீங்களும் குடிக்கணும். நான் மட்டும் குடிக்கறதா இருந்தா வேணாம்.

நொர எப்பிடி நிக்குது பாருங்க.

ம்.

இருங்க. இந்தப் பக்கம் மரத்துக் கெடக்கு, அந்தப் பக்கமா வெக்கறேன்.

ம்... கேஸு குத்துது. ஈரமா இருக்கு. வேற... இன்னொரு மடக்கு.

இல்ல சார். ஒண்ணும் தெரியல. வலிக்கு மாத்தர போட்டிருக்கேன், அதுவா இருக்கும். பரவால்ல, வுடுங்க, உள்ள போயிடுச்சில்ல. நீங்க குடிங்க. நல்லா வாயில வெச்சி, அவசரப்படாம.

எப்பிடி இருக்கு? பலாப்பழம் வருதா? இல்ல வேற எதாச்சுமா? எல்லாத்தையும் சொல்லுங்க சார், ஒண்ணு வுடாம. மச்சான் ஆர்ன் அடிச்சா அடிக்கட்டும். சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.