சதுப்பைத் தாண்டிய வீரனும் ஹலீமா மாமியும்

— பாடத்துல வர்ற அந்த வீரன் சதுப்பைத் தாண்டட்டும், தாண்டாம போகட்டும். நாளைக்கு நான் தஞ்சாவூர் போகலைன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு, ஷிஃபா.

— அவங்க இங்க கூடத்துலதான் உக்காந்திருக்காங்க, உம்மா. நீங்க அடுப்படித் திரைக்குப் பின்னாலேர்ந்து சொன்னது தெரு வரைக்கும் கேட்டுச்சு. நான் வேற ஒரு தடவை சொல்லணுமா?

— முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? மாமியா மருமவன்கிட்ட நேரடியாப் பேசுற பழக்கம் நம்ம வீட்டுல இல்ல.

— அய்யே! நிக்காஹ் முடிஞ்சு அவங்க நம்ம வீட்டோட வந்து மூணு வருஷமாச்சு. இன்னும் நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் மைக்செட்டு.

— ஷிஃபா, மாமிகிட்ட கேளு. அதாவது, தபால்ல எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சு, எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணிட்டு, கடைசியில தஞ்சாவூர்ல நடக்குற வைவாவுக்கு, அந்த நேர்முகப் பரீட்சைக்கு மட்டும் ஏன் போகமாட்டேங்குறாங்க?

— எழுதுறது வேற, புள்ள. அங்க வாத்தியாருங்க எதிர்ல உக்காந்து மொகத்தப் பாத்துக் கேள்வி கேப்பாங்களாம். சொந்த மருமவன்கிட்டயே பேச எனக்கு வாய் வராது. அசலூர் ஆம்பளைங்ககிட்ட என்னத்தப் பேசுவேன்? பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நிக்கணும். அதுக்குப் போகாமயே இருந்துடலாம்.

— போகலைன்னா டிகிரி கெடைக்காதுன்னு சொல்லு.

— தெரியும்னு சொல்லு. அதை நெனச்சு நேத்தே அழுது முடிச்சுட்டேன்.

— சரி, போக வேணாம். சும்மா பொழுதுபோக்குக்கு ரெண்டு கேள்வி கேக்கலாமா?

— கேக்கச் சொல்லு, ஷிஃபா. முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.

— பாடத்துல இருக்குற அந்தப் பழைய இங்கிலீஷ் பாட்டுல சதுப்புக்கு நடுவுல ஒரு ஆவி வந்து நிக்குது. வீரனுக்குக் காலு நடுங்குது. அதாவது, பேயைப் பாத்து நடுங்குறவனை வீரன்னு எப்படிச் சொல்றது?

— இது ஒரு கேள்வியா, ஷிஃபா? நாகூர்ல பொறந்தவளுக்குப் பேய் பிசாசு புதுசா? தர்காவுக்கு வாரா வாரம் எத்தனை பேரைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வர்றாங்க! நடுங்காதவன் அதை இன்னும் பாக்கலைன்னு அர்த்தம். பாத்து, நடுங்கி, அதுக்கப்புறமும் அடுத்த காலை எடுத்து வைக்கிறான் பாரு, அவன்தான் வீரன்.

— அந்த ஆவி ஆசை காட்டுதே? பொன்னு தர்றேங்குது, நாடு தர்றேங்குது. அதுலதான் அவன் தடுமாறுறான்னு நோட்ஸ்ல போட்டிருக்கு.

— நோட்ஸ் எழுதுன ஆளு ஊரை விட்டு வெளிய போனதே இல்ல போல. பொன்னுக்கெல்லாம் அவன் அசையவே இல்ல. ‘திரும்பிப் போ, உன் வீட்டுல அடுப்பு எரியுது’ன்னு கடைசியாச் சொல்லுதே, அங்கதான் ஆடிப்போறான். ஷிஃபா வாப்பா துபாய்க்குப் போயி இருவது வருஷமாச்சு. அடுப்புல மீன் ஆணம் கொதிக்கிற சத்தம் ஃபோன்ல கேட்டுட்டாப் போதும், ஊருக்கு டிக்கெட் வெலை விசாரிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

— அதாவது, வீட்டுக்குத் திரும்புறது தப்பா?

— யாரு தப்புன்னது? போன காரியத்தை முடிச்சுட்டுத் திரும்பட்டுமே. பாதியில ஓடி வந்துட்டு ‘வீடு கூப்புட்டுச்சு’ன்னு சொன்னா அது வெறும் பயம். தன் பயத்துக்கு வீட்டு மேல பழி போடக் கூடாது.

— நம்ம வீட்டுல பழக்கம் இல்லன்னு சொல்ற மாதிரியா?

— பாத்தியா ஷிஃபா, உன் மாப்பிள்ளை குத்திக் காட்டுறதை!

— அய்யோ, இல்ல, தப்பா எடுத்துக்க வேணாம். இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்த ஆவி நெசமாவே இருக்கா, இல்ல அவன் மனசு கட்டி விட்டதா?

— நெசமோ பொய்யோ, அவன் தொடை நடுங்குனது நெசம்தானே? ஆனா ஒண்ணு. தூரத்துல நின்னப்ப அது பனைமரம் ஒசரம் தெரிஞ்சுது. கிட்ட வந்து ‘யாரு நீ’ன்னு இவன் கேக்குறான், உடனே அது இவன் ஒசரத்துக்கு வந்துடுது. பாட்டு எழுதுனவன் சும்மா எழுதல. மொத வார்த்தை பேசுற வரைக்கும்தான் எல்லாம் பயம்... எதுக்கு இப்பச் சிரிக்கணும்? நான் ஏதும் ஒளறிட்டேனா?

— சத்தியமா இல்ல. சந்தோஷத்துல சிரிச்சுட்டேன். நான் பாடம் நடத்துற காலேஜ் பசங்கள்ல ஒருத்தன் இப்படிப் பதில் சொன்னா அன்னைக்கு எனக்குச் சோறே வேணாம்.

— கேட்டியா ஷிஃபா, உன் உம்மாவைப் பத்தி? என்னடி, வாயில கொழுக்கட்டையா? பதிலையே காணோம்!

— இந்தாங்க உம்மா, கீரைக்குத் தேங்கா. கடையில ஒரே கூட்டம், அதான் இவ்வளவு நேரம். ஆமா, தெருவுல வர்றப்பவே கேட்டுச்சே, மச்சான்கூட உள்ள யாரு அப்படிச் சத்தமாப் பேசிக்கிட்டிருந்தது?

— கடைக்குப் போனியா! அல்லாவே... எப்பப் போன?

— மன்னிச்சுக்குங்க மாமி. மொதக் கேள்வி கேட்டப்பவே அவ செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிட்டா. சொன்னா நீங்க பேச்ச நிறுத்திடுவீங்கன்னு நானும் சொல்லல. கோவமா? ஏதாச்சும் சொல்லுங்க.

— தஞ்சாவூருக்குக் காலையில மொத வண்டி எத்தனை மணிக்கு, மாப்பிள்ளை?