எதிர்க்கட்சித் தலைவரின் கைபேசி

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, விற்பனை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, பிள்ளைகளே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளர் மறைந்துவிட்டார். அவரைப் பதவிப் பெயர் சொல்லி அழைத்தவர் இங்கே யார்? ‘எதிர்க்கட்சித் தலைவர்’ என்றுதானே சொன்னோம்! அது அவருக்கும் தெரியும். “என்ன, ஆளுங்கட்சி சௌக்கியமா?” என்று கேட்டபடிதான் என் வடிவமைப்புப் பிரிவுக்குள் நுழைவார்.

ஏன் அந்தப் பெயர்? நாம் கைபேசி செய்கிறோம். விற்பனையில் முதலிடம். இங்கே எல்லார் பையிலும் நம் கைபேசிதான். அவர் பையில் மட்டும் போட்டி நிறுவனத்தின் கைபேசி! வாசல் காவலர் முதல் தலைவர் வரை கேட்டுப் பார்த்தாயிற்று. “நம்ம வீட்டுச் சாப்பாட்டையே தின்னுக்கிட்டிருந்தா உப்புக் கூடினது எப்படிங்க தெரியும்?” என்பார்.

ஒரு கூட்டம் நினைவிருக்கிறதா? எங்கள் புது மாடலை நாங்களே புகழ்ந்துகொண்டிருந்தோம். அவர் இரண்டு கைபேசிகளையும் மேசையில் வைத்தார். தண்ணீர்த் தம்ளரில் விரலை விட்டார். “அடுப்புல பால் பொங்குது. கை ஈரம். போன் அடிக்குது. எங்க வீட்டம்மா என்ன செய்வா?” தொட்டார். போட்டியாளர் கைபேசி ஈர விரலுக்கும் உடனே வேலை செய்தது. நம்முடையது ஆடவில்லை, அசையவில்லை.

விற்பனை மேலாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கையைத் துடைச்சிட்டு எடுக்கச் சொல்லுங்க சார்!”

“முதல்ல உங்க வீட்ல சொல்லிப் பாருங்க. உயிரோட வந்தீங்கன்னா, அப்புறம் நானும் சொல்றேன்.”

இதோ, மேலாளரே சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை! வெளியீடு தள்ளிப்போனது, குறை தீர்ந்தது. அந்த மாடல்தான் நம்மை முதலிடத்தில் உட்கார வைத்தது.

இந்த முதலிடம் நிலைக்குமா என்று வெளியே கேட்கிறார்கள். பெரிய தொழிற்சாலை இருக்கிறது, ஊருக்கு ஊர் கடை இருக்கிறது, பெயர் இருக்கிறது என்று பதில் சொல்கிறோம். இதெல்லாம் போட்டியாளருக்கு வராதா? பணத்தைப் போட்டால் வந்துவிடும். நம் குறையை நம் முகத்துக்கு நேரே சொல்ல நமக்குள்ளேயே ஒருவர் இருந்தார். போன வாரம் அவரும் போய்விட்டார். எனக்கு அது பெரிய கஷ்டம். சொல்லிவிட்டேன், மேலே போகிறேன்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தேன். வரப்போகும் மாடலைக் கொண்டுபோயிருந்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். “கீழே ரோட்டுக்குப் போய்ப் பேசுப்பா” என்றார். புது மாடலோடு போய் அவர் போனுக்கு அடித்தேன். ஒரே வண்டிச் சத்தம். பேசிவிட்டு மேலே வந்தேன்.

“ஒண்ணும் கேக்கல. இப்ப என் போன்லேர்ந்து பேசு.” மறுபடி இறங்கினேன், பேசிவிட்டு ஏறினேன்.

“இதுல நீ மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது!”

“சார், வெளியீட்டுத் தேதியைச் சொல்லியாச்சு. விளம்பரமும் போயாச்சு.”

“சரி. ஆனா ரோட்ல நிக்கிறவனுக்குத் தேதியா வேணும்? வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்” என்று கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவர் எங்களுக்குத் தந்த கடைசி அறிக்கை.

நண்பர்களே, அவர் படத்தைச் சுவரில் மாட்டினால் போதுமா? வடிவமைப்புப் பிரிவு கையெழுத்துப் போடாமல் எந்த மாடலும் வெளியே போகாது. அந்தக் கையெழுத்து என்னுடையது. சாலையில் நின்று பேசுகிறவரின் குரல் வீட்டில் கேட்கும்வரை அதைப் போடமாட்டேன். தலைவர் அவர்களே, உங்கள் முன்னால்தான் சொல்கிறேன்.

அண்ணி, அவருடைய கைபேசி உங்களிடம்தானே இருக்கிறது? அதை எனக்குக் கொடுங்கள். நாளை முதல் அது என் பையில் இருக்கும். மேலாளர் அவர்களே, முறைக்காதீர்கள். நான் கட்சி மாறிவிட்டேன்.