இருட்டும்வரை ஆட்டம்

"அந்த முதல் ஆட்டத்திலை ஆர் வெண்டது எண்டு இண்டைக்கும் தொடங்காதேங்கோ அண்ணை. செத்தவீட்டுக்குப் போறம்."

நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில் எனக்கு முன்னால் கறுப்புக் கோட்டுடன் இருவர். மூத்தவரின் மடியில் மலர்வளையம். நான் பெரிதாகப் படிக்காதவன். ஆனால் தனியாளாக இரண்டு கடை போட்டு நிமிர்ந்தவன், ஆட்களை எடைபோடத் தெரியும். இவர் தோல்வியை லேசில் ஒத்துக்கொள்ளாத மனிதர்.

"வடக்கிலை, ரஷ்ய எல்லைப் பட்டினத்திலை, மீன் ஃபாக்டரிப் பெடியள் எல்லாம் ஊரிலை 'எல்லே' எண்ட மட்டைப்பந்து அடிச்ச கையள். அதுதான் இப்ப செத்துப்போன என்ரை சிநேகிதன் அவனும் நானும் பேஸ்போல் கிளப் துவங்கினது. முதல் ஆட்டத்துக்கு அவன் ஒரு பக்கம் தலைவன், நான் மற்றப் பக்கம். ஊர் வழக்கப்படி, இருட்டினால் ஆட்டம் முடிவு எண்டு பேசினம்."

"கோடையிலையோ? அங்கை இருட்டாதே!" இளையவர் முழுக் கதையையும் இப்போதுதான் கேட்கிறார் போலிருந்தது.

"போன புதுசு, ஆருக்குத் தெரியும்? வேலைச் சங்கு ஊதும்வரை அடிச்சம். அவன்ரை பக்கம் ஒரு ஓட்டம் கூட."

"அப்ப அவர்தானே வெண்டது?"

"இருட்டேல்லை, ஆட்டம் முடியேல்லை எண்டு நான் விடேல்லை. காணுற நேரமெல்லாம் கேட்பான், 'இப்பவாவது ஒத்துக்கொள்ளன் மச்சான்' எண்டு. சிரிச்சுப்போட்டுப் போயிடுவன்."

டிசம்பர் மாதம், பின்னேரம் ஆகுமுன்பே வெளியே வெளிச்சம் போய்விட்டது. மூத்தவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டிப்போச்சு தம்பி. பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்லப்போறன், அவன்தான் வெண்டவன் எண்டு."