மடியாத வரி

எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் கண்ணுக்கு நல்லது. அதனால் எங்கள் மருத்துவமனைக் கணினிகளில் குறிப்பு எழுதும் செயலிக்கு இயல்பு அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எழுத்தின் அளவைப் பதினான்காக வைத்தேன். பின்னணி வெளிர்மஞ்சள். நிமிடத்துக்கொரு முறை தானே சேமித்துக்கொள்ளும். யாரும் குறை சொல்லவில்லை.

திரையின் ஓரம் வந்ததும் வரியைக் கீழே மடிக்கும் வசதியை மட்டும் அணைத்துவைத்தேன். நீண்ட வரி திரைக்கு வெளியே ஓடும். அம்பு விசையை அழுத்தினால் மிச்சம் தெரியும். ஒரு வரி ஒரே வரியாக இருப்பதுதான் ஒழுங்கு, ஐயா.

முதல் வாரமே இரண்டாம் மாடி வார்டின் மூத்த செவிலியர் வந்தார்.

"தம்பி, நம்ம பேச்சுல வேணும், வேணாம் எல்லாம் கடைசியிலதான வருது. அந்தக் கடைசிதான் தெரிய மாட்டேங்குது. நேத்து ஒருத்தருக்கு வேணாம்னு எழுதின ஊசியைப் போடப் போயிட்டாங்க. நல்லவேளை, நான் பாத்தேன்."

"அம்பை அழுத்தச் சொல்லுங்க சிஸ்டர்."

"ஓடுற ஓட்டத்துல யாரு அழுத்துவா? மடிச்சு விட்டுடுங்க."

அவர் கண்முன்னே மடித்துவிட்டேன். அவர் படியேறியதும் பழையபடி மாற்றி, வேறு யாரும் தொட முடியாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். ஒருவருக்கு வளைந்தால் ஊருக்கே வளைய வேண்டிவரும்.

அடுத்த மாதம் என் மாமனாரை அதே வார்டில் சேர்த்தோம். தங்கமான மனிதர். என்னை ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. மருத்துவர் இப்படி எழுதியிருந்தார்: 'இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியைக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இவருக்குப் போட வேண்டாம், வயிற்றில் கசிவு இருக்கிறது.' திரையில் 'இரவு எட்டுக்கும்' வரை தெரிந்தது.

பணிக்குப் புதிதாக வந்திருந்த செவிலியர் காலை எட்டுக்குச் சரியாகப் போட்டார். இரவு ஊசிக்கு அவசியம் ஏற்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின், மூத்த செவிலியரிடம் விவரம் கேட்டறிந்திருந்த என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த சிஸ்டர் வந்து சொன்னப்புறமும் தெரிஞ்சேதான் மாத்தினீங்களா?"

"ஆமா" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

அவள் கேட்காததையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அன்று காலை நான் கட்டிலருகில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் திரையைப் படித்துவிட்டு மருந்தை ஊசியில் ஏற்றினாள். வரி ஓரத்தைத் தாண்டி ஓடியிருப்பதைப் பார்த்தேன். அது 'வேண்டாம்' என்று முடிந்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றியது. விசை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஆனால் நானே அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் எப்போது பழகுவது?